ஒன்று புள்ளி ஒன்று ஐந்து

மண்டபத்தில் எங்கள் அலுவலகம்
இரண்டு கடலுக்கும் நடுவே ஒரு வாடகை வீடு.
வடக்கு ஜன்னலைத் திறந்தால் பெண்கடல்.
தண்டவாளம் தாண்டி நடந்தால் ஆண்கடல்.
இரண்டிலும் ஒவ்வோர் இறங்குதுறை கட்ட வேண்டும்.
தூண் கணக்கு கேட்டு
ஒப்பந்தக்காரர் வியாழக்கிழமை வருகிறார்.

ஜெய்லானி வேலையை விட்டுப் போனபோது
கணினியில் பத்தொன்பது தாள்களை விட்டுப் போனான்.
அலைவிசை. அலைவிசை புதுசு.
அலைவிசை புதுசு இரண்டு. அலைவிசை கடைசி.
கடைசிக்கும் பிறகு
'இதுதான்' என்று ஒன்று.

எல்லாவற்றிலும் அதே சார்பு.
விட்டம், வேகம், ஆழம் மூன்றையும் வாங்கிக்கொண்டு
விசையைத் திருப்பித் தரும் ஐந்து வரி.
நகலெடுத்து ஒட்டியிருக்கிறான்,
ஒட்டியதை நகலெடுத்திருக்கிறான்.
கடல்நீரின் அடர்த்தி
பதினாறு தாள்களில் ஆயிரத்து இருபத்தைந்து.
மூன்றில் வெறும் ஆயிரம்.
மண்டபத்துக் கடலில்
மூன்று இடத்தில் மட்டும் உப்பில்லை.

'பொது' என்று ஒரு தாள் திறந்தேன்.
சார்பை அதில் ஒரே ஒருமுறை எழுதினேன்.
மற்ற தாள்களிலிருந்து ஐந்து வரியையும் அழித்தேன்.
இந்த மென்பொருளுக்கு ஒரு பிடிவாதம்:
மேலிருந்து கீழாகத்தான் படிக்கும்.
மேலே சொல்லாத பெயரைக் கீழே கேட்டால் சிவந்துவிடும்.
சங்கரா மீன் கூடை கவிழ்ந்ததுபோல்
பத்தொன்பது தாளும் சிவந்து கிடந்தன.
ஒவ்வொன்றின் தலையிலும்
'பொது'வைக் கூப்பிடும் ஒரு வரி வைத்தேன்.
ஒவ்வொன்றாகக் கறுத்தது.

ஆனால் அந்த எண்.
பதினோரு தாள்களில் சார்பின் வால்நுனியில்
பெருக்கல் ஒன்று புள்ளி ஒன்று ஐந்து.
ஏழில் இல்லை. ஒன்றில் இரண்டு முறை.
அலகு கிடையாது, பெயர் கிடையாது,
ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது.
எடுத்துப் பார்த்தேன்.
தூண் இளைத்தது, கம்பி குறைந்தது,
ஒப்பந்தக்காரருக்குப் பிடிக்கும் விடை.

ஜெய்லானியின் எண்ணுக்கு அடித்தேன்.
தம்மாமிலிருந்து ஒரு பெண்குரல்
அரபியில் ஏதோ சொல்லி வைத்துவிட்டது.

நீர் வற்றிய பகலில் பழைய துறைக்குப் போனோம்,
நானும் அளவுநாடா பிடிக்க இன்னாசியும்.
வரைபடத்தில் அறுநூறு மில்லிமீட்டர் தூண்.
இடுப்பளவு தண்ணீரில் நிற்பது அதுவல்ல.
கொட்டலசு, அதன்மேல் சிப்பி,
அதன்மேல் பேர் தெரியாத ஏதோ பாசி.
சுற்றிப் பிடித்தோம். இருநூற்றுப் பதினேழு சென்டிமீட்டர்.
இருக்க வேண்டியது நூற்று எண்பத்தெட்டரை.
போனில் வகுத்தேன்.
ஈரக்கையில் திரை மூன்று தரம் மறுத்தது.
ஒன்று புள்ளி ஒன்று ஐந்து.

"என்னக்கா சிரிக்கிறீங்க, கை கிழிஞ்சிருக்கு," என்றான் இன்னாசி.

அதோடு விடவில்லை.
ஏத்தம் தொடாத உயரத்தில் தூண் மொழுமொழுவென்றிருந்தது,
அங்கே பெருக்க ஒன்றுமில்லை.
மாலையில் ஆண்கடல் பக்கம் அளந்தோம்:
இருநூற்று நான்கு.
ஆக அது நிலையான எண்ணே இல்லை.

இரவு சார்பைத் திருத்தினேன்.
எண்ணை உள்ளே புதைக்காமல்
'படிவு' என்று பெயர் வைத்து
வாசலிலேயே கேட்கச் சொன்னேன்.
ஐப்பசி வாடைக்கு ஒருமுறை அழைத்தேன்,
ஆனிக் கச்சானுக்கு ஒருமுறை.
அதே ஐந்து வரி
இரண்டு கடலுக்கும் இரண்டு விடை சொன்னது.

மேலே ஒரு குறிப்பு:
அளந்தது நான், இன்னாசி. சித்திரை, நீர் வற்றிய நேரம்.
மாறினால் இங்கே மட்டும் மாற்றவும்.

பழைய தாள்களை அழிக்கவில்லை.
'ஜெய்லானி' என்று ஓர் உறையில் போட்டு வைத்தேன்.
யாரிடமும் சொல்லாமல்
அவனும் ஒருநாள் இந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கிறான்.
கட்டைவிரல் கீறியிருக்கும்.