தெற்கில் அதற்கு நேரமில்லை

ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு அட்டவணைகள்.
ஒன்று நகராட்சி கொடுத்தது,
எந்தத் தெருவுக்கு எப்போது மின்வெட்டு என்று.
மற்றது நான் போட்ட கணக்கு:
நாளுக்கு நான்கு நிமிடம் முந்திவரும் ஒன்றின் வருகை.
இரண்டும் ஒரே மணியில் சந்திப்பது
மாதத்தில் மூன்று இரவு, மிஞ்சினால் நான்கு.
அன்றைக்குத்தான் போர்ட் ஷெப்ஸ்டோன் வாயை மூடும்.

விளக்கு போனதும்
எதிர்வீட்டு மின்கதவு, மேட்டுக்கடையின் குழல்விளக்குகள்,
யாரோ சார்ஜில் போட்ட மலிவு ஃபோன்,
காதுக்குக் கேட்காத அத்தனை கூச்சலும்
ரேடியோ திரையில் மணலாக அடங்குகிறது.
தண்ணீர்த்தொட்டி மேடையில் ஏறி
எஃகு அளவுநாடாவை நறுக்கிச் செய்த ஆன்டெனாவைத்
தெற்கே நீட்டுகிறேன்.
அந்தப் பக்கம் பனிக்கண்டம்வரை
ஒரு வீடு கிடையாது.

பகலில் எனக்கு இழுவை வண்டிக் கம்பெனியில் வேலை.
என்-டூ சாலையில் எவன் எங்கே கவிழ்ந்தான் என்று
வயர்லெஸ்ஸில் கேட்டு வண்டி அனுப்புவேன்.
அடி ஆளுக்கா, வண்டிக்கு மட்டுமா,
முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுவேன்.
இதற்கு வார்த்தை இல்லை.
ஏவிய நாடே இல்லை.
பேட்டரி செத்து முப்பது வருஷம்.
பூமியின் நிழல் தாண்டி
வெயில் பட்டால் பட்டவரைக்கும் முனகும்.

வேராவுக்கு அது எட்டு மணி நேரம்.
அர்க்காங்கெல்ஸ்க்கில் அவள் சமையலறைக்கு மேலே
ஏறி, ஏறி, ஏற முடியாமல்
நின்றாற்போல் நிற்குமாம்.
"பால் காய்கிற மாதிரி.
பார்த்துக்கொண்டிருந்தால் பொங்காது" என்று எழுதினாள்.
அவளுக்காக வளைத்த பாதைதான் அது:
வடக்கில் நெடும்பொழுது. இங்கே
நொடிக்கு ஒன்பது கிலோமீட்டர்,
பத்தொன்பது நிமிடம்தான் என் கைக்கு எட்டும்,
அப்புறம் என் அளவுநாடாவுக்கு மீறிய உயரம்.

அவள் அனுப்பிய பதிவில் ஒரே சுருதி, மணிக்கணக்காக.
நான் அனுப்பியதில் அது வழுக்கி இறங்கும்,
கடந்துபோகும் கரும்பு லாரியின் ஹார்ன் போல.
பதினோரு தடவை கேட்டாளாம்.
"உன் ஊரில் அது பயப்படுகிறது."
இல்லை வேரா, பயந்தவன் குரல் மேலே போகும்.
எனக்கு அதுதான் பிழைப்பு.

நிலவும் சூரியனும் மாறிமாறி இழுத்ததில்
தாழ்வுப்புள்ளி வருஷத்துக்கு வருஷம் இறங்குகிறது.
உரசப்போவது எங்கள் பக்கத்துக் காற்றை.
எரியப்போவது எங்கள் கடலுக்கு மேல்.
வேராவுக்கு ஒருநாள் வராமல் போகும், அவ்வளவுதான்.
எனக்கு இடம் தெரியும், மணி தெரியும்,
வண்டிதான் அனுப்ப முடியாது.

இன்று எட்டு ஐம்பத்திரண்டு.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. நாய்.
பிறகு எங்கேயோ அதன் தகட்டில் வெயில் விழ,
மணலுக்குள் ஒரு கீற்று.
மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மெழுகுவர்த்தியோடு
தாண்டெக்கா செலே கேட்டாள்:
"கரண்ட் எப்போ வரும்னு அதுல சொல்லுதா?"
ஹெட்ஃபோனில் ஒரு காதை அவளிடம் கொடுத்தேன்.
"கொசு" என்றாள்.
போகாமல் நின்றாள்.
மெழுகு அவள் விரலில் சொட்டியது,
ஊதிக்கொண்டே கேட்டாள்.

பன்னிரண்டாம் நிமிடம்
தெரு முழுக்கக் கைதட்டல்.
மின்சாரம் முன்கூட்டியே வந்துவிட்டது.
எதிர்வீட்டு மோட்டார், குழல்விளக்கு, டிவி, எல்லாம் சேர்ந்து
கீற்றை மூடிவிட்டன.
தாண்டெக்கா காதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
உலையில் அரிசி போட ஓடினாள்.
இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்
வெளிச்சத்தைத் திட்டினேன்.

குறிப்பேட்டில் எழுதியது:
பன்னிரண்டு நிமிடம். இறங்குசுருதி. கேட்டவர் இருவர்.
வேராவுக்கு எழுதியது:
இங்கே கரண்ட் வந்துவிட்டது.
இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்,
மிச்சத்தை நீ கேள்.