குறிப்பு: ஒருவர் தரைமார்க்கம்

கரூரிலிருந்து மாற்றலாகி
பாம்பன் வந்த இரண்டாம் நாள்
ஆபீசர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.
"கப்பல்னா இதுதாம்மா. ஒவ்வொரு கட்டமா நிரப்புங்க."

பெயர். கொடி. நீளம். அகலம்.
நீருக்குள் எத்தனை மீட்டர் இறங்கி நிற்கிறது.
எங்கிருந்து. எங்கே. எத்தனை பேர்.
எதற்காக என்று ஒரு கட்டம் இல்லை.

நான் அறிந்த பெரிய நீர் அமராவதி,
அதுவும் சாயத்தோடு.
இங்கே ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வடகடல் கண்ணாடி,
அந்தப் பக்கம் தென்கடல்
யாரையோ திட்டிக்கொண்டே இருக்கிறது.
நடுவில் தூக்குப்பாலம்.
ரயில்காரர்கள் நாள் குறிக்கும்வரை
எவ்வளவு பெரிய கப்பலும் நிற்கத்தான் வேண்டும்.

ஒன்பது நாளாக நின்றது 'ஜலதாரா'.
காக்கிநாடா டு கொச்சி. ஆள் ஏழு.
ஆழம் இரண்டு புள்ளி ஒன்று.
எழுதும்போது நினைத்தேன்:
என் உயரம் ஐந்தடி ஒன்று என்று
எல்லாப் படிவத்திலும் இருக்கிறது.
எவ்வளவு ஆழம் இறங்கி நிற்கிறேன் என்று
எந்த அலுவலகமும் கேட்டதில்லை.

சத்திபாபு வந்தது பல்வலியோடு.
கன்னம் கொழுக்கட்டை.
ராமேஸ்வரத்தில் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டு
வாய் நிறையப் பஞ்சோடு
வள்ளத்துக்காக என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவன்
பதிவேட்டை எட்டிப் பார்த்தான்,
பேனாவைக் கேட்டு வாங்கினான்,
காலண்டர் தாளின் பின்னால் இரண்டு பெட்டி வரைந்து
நடுவில் ஒரு நீளக் கோடு.
முன்னால் இழுப்பது ஒன்று, பின்னால் இழுபடுவது ஒன்று.
நான் இரண்டையும் சேர்த்து
ஒரே பெயரில் எழுதி வைத்திருந்தேன்.

அப்போதுதான் வயர்லெஸ் கரகரத்தது.
நாளைக்கு என்றிருந்த பாலம் இன்றைக்கே,
இன்னும் இருபது நிமிடத்தில்.
நீவாடு கடுமை, வள்ளம் எடுக்க முடியாது
என்றார் வழிகாட்டிப் போகும் கிறிசாந்து.
"ஆள் ஏழுதானே?" என்று நான் கேட்க,
"ஏழு, ஏழு" என்றது கேப்டனின் அவசரம்.
எதிரே இருந்தவன் தலையை ஆட்டி
ஆறு விரல் காட்டினான்.

பாலம் எழுந்தது.
ரோட்டுப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி
இறங்கி நின்றவர்கள் போன் தூக்கினார்கள்.
ஜலதாரா நுழைந்தது, கடந்தது, கைதட்டினார்கள்,
பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள்.
கயிறு இன்னும் போய்க்கொண்டிருந்தது.
தொய்ந்து, நனைந்து, விண்ணென்று நிமிர்ந்து
நீர் உதறும் கயிறு.
அதற்கும் எவ்வளவோ பின்னால்
யாருமே இல்லாத தட்டையான மிதவை,
தூணைத் தொடாமல், தொட்டுவிடுவேன் என்று மிரட்டி,
கையகல இடைவெளியில்.
அதன் கடைசிக் கம்பியில்
உலர்ந்துகொண்டிருந்தது ஒரு பச்சை லுங்கி.

சத்திபாபு பஞ்சுக்குள்ளிருந்து ஏதோ சொன்னான்.
எனக்குத் தெலுங்கு தெரியாது.
லுங்கி என்பது மட்டும் புரிந்தது.

டீயை ஆற வைத்துக் கொடுத்தேன்.
மதுரைக்கு பஸ், அங்கிருந்து ரயில்,
நாளைக்கே கொச்சி போய்விடுவான்.
கப்பல் குமரிமுனை சுற்றி வர நாலு நாள் ஆகும்.
அதுவரை ஜெட்டியில் உட்கார்ந்து
கப்பல்காரன் ஒருவன்
கப்பல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான்,
மாற்று லுங்கி இல்லாமல்.

அவன் போன பிறகு
ஏழு என்பதை அடித்து ஆறு என்று எழுதி
பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.
கடைசிக் கட்டம் 'குறிப்பு',
யாரும் நிரப்பாதது.
ஒருவர் தரைமார்க்கம் என்று எழுதினேன்.
ஆபீசர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.