கறுப்புத் துப்பட்டா

ஒழலப்பதித் தோப்பில் விடியுமுன் இறக்கிய நீரா
ஐஸ் பெட்டிக்குள், என் மடியில்.
வேலந்தாவளம் ரோட்டில் கலால் ஜீப் மறித்தது.
"கள்ளாணோ?"
விஜயகுமாரன் சார் மூடி திறந்து மோந்தார்.
புளிக்கவில்லை.
"பின்னே எந்தினு?"
"எரிக்க" என்றேன்.
சிரித்துக்கொண்டே கைகாட்டினார், போ என்று.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் ஆய்வகம்
மூடிப்போன டுட்டோரியலின் மாடி.
கணவாய்க் காற்றுக்குச் சன்னல் கதவொன்று
நாள்முழுக்க அடித்துக்கொள்ளும்.
முதல் நொதி சர்க்கரையை இரண்டாய்ப் பிளக்கும்.
அடுத்தது குளுக்கோஸிடம் எலக்ட்ரான் கறந்து
பச்சையத்திடம் சேர்ப்பிக்கும்.
மிச்சம் வெயிலின் பாடு.
அடியில் பிளாட்டினத் தூள், நகக்கண் அளவு,
என் சம்பளத்தைவிடக் கூட.

மதியம் முதல் குமிழி.
ஷெரீனா கை தட்டினாள்.
நான் தட்டவில்லை.
குமிழி கள்ளுப் பானையிலும்தான் வரும்;
ஈஸ்ட்டுக்கு எதற்கு வெளிச்சம்?
குடுவையை மோந்து பார்த்தேன்,
விஜயகுமாரன் சார் மாதிரியே.

அவள் துப்பட்டாவை அவிழ்த்துப் போர்த்தினோம்.
ஒன்று வந்தது.
இன்னொன்று, வழி தவறியதுபோல.
அப்புறம்
மேசையில் சிந்திய நீராவை எறும்பு சுற்றியது.
நாலு நிமிடம்.
ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லையைப் பார்த்துத்தான்
கத்தினேன். கீழே பேக்கரிக்காரர்
பாம்போ என்று ஓடிவந்தார்.

துணியை எடுத்தோம். வெயில் சாயுமுன்
ஒன்பது மில்லி.
தீக்குச்சி நீட்டினாள் ஷெரீனா:
நாய் தூக்கத்தில் குரைத்ததுபோல் ஒரு சத்தம்,
சுடர் கண்ணுக்கே படவில்லை.
குழாயின் உட்சுவர் மட்டும்
லேசாக வேர்த்திருந்தது.