பரவாயில்லை

முதன்முதலாக நான் சமைத்துப் போட்ட பீன்ஸ் குழம்பை
ரொட்டியால் கிண்ணம் பளபளக்கத் துடைத்துத் தின்றுவிட்டு
ஸ்ட்ரூவன் சொன்னான்:
"பரவாயில்லை."

எங்கள் டல்சாவில் ஒரு சாப்பாடு பரவாயில்லை என்றால்
அந்தக் கடைப் பக்கமே மறுபடி தலைகாட்ட மாட்டோம்.
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.
அவனோ வெளியே கிண்ணத்தோடு நின்று
இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

விக்கில் டிசம்பர் வந்தால்
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
அந்த இருட்டில் அவன் உப்பு லாரி ஓட்டுகிறான்.
உறைபனி பிடித்த சாலையில் உப்பை வீசிக்கொண்டே
லாத்தரன் வரை போய்த் திரும்புவான்.
இடையில் ஒருமுறை போன் செய்வான்.
"ஐ லவ் யூ" என்று நான் முடிப்பேன்.
எங்களுக்கு அது ஒரு முற்றுப்புள்ளி.
அம்மாவிடம் சொல்வோம், தம்பியிடம் சொல்வோம்.
ஒருநாள் வாய் தவறி
பல் டாக்டரின் உதவியாளரிடமும் சொல்லிவிட்டேன்.
அந்த முனையில் வைப்பர் இரண்டு தரம் போய் வரும்.
பிறகு, "சரி, அப்புறம்."

அவன் நண்பர்கள் பப்பில் என்னை
ஊருக்குக் கேட்கிற ஒலிபெருக்கி என்றார்கள்.
சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் நொந்தேன்.
திட்டினால் சேர்த்துக்கொண்டார்கள்,
மரியாதையாகப் பேசினால்தான் ஆபத்து
என்று புரிய ஒரு குளிர்காலம் முழுசாகப் போனது.

"உனக்கு என்மேல் காதலே இல்லை" என்றேன் ஒருநாள்.
"ஆமா ஆமா" என்றான்.
இரண்டு ஆமா சேர்ந்தால் ஒரு இல்லை என்று
எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?
பெட்டியைக் கட்டினேன்.
மூடி சரியாக மூடவில்லை.
அவன் வந்து அதன்மேல் உட்கார்ந்து
அழுத்தி மூடிக்கொடுத்தான்.
அப்புறம் எழுந்திருக்கவேயில்லை.

பெட்டிமேல் உட்கார்ந்தபடி அன்றைக்குப் பேசியதுதான்
அவன் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு:
"சாண்ட்விச் உனக்கு அற்புதம்.
பஸ் நேரத்துக்கு வந்தால் அற்புதம்.
தபால்காரரின் புதுத் தொப்பி அற்புதம்.
நானும் அற்புதம் என்கிறாய்.
கார்லிஸ், அந்த வரிசையில்
நான் எங்கே போய் நிற்பது?"

ஐந்தாம் வருடப் பிப்ரவரி. இரவு இரண்டு மணி.
போன்.
"ஐ லவ் யூ" என்றான்.
"எந்தப் பள்ளத்தில் கிடக்கிறாய்?
ரத்தம் வருகிறதா? காலை அசைத்துப் பார்!"
வெகு நேரம் வைப்பர் சத்தம் மட்டும்.
"ஒன்றுமில்லை. சாலை நடுவில் ஒரு மான் நின்றது.
விளக்கை அணைத்து வழி விட்டேன்.
சொல்லலாம் என்று தோன்றியது."
எனக்கு ஒரு காலில் மட்டும் பூட்ஸ்,
கையில் கார்ச் சாவி.
"சரி, அப்புறம்" என்றது யார் என்று
இன்றுவரை எங்களுக்குள் வழக்கு.

ஜூனில் டல்சா. தங்கை டார்லாவின் கல்யாணம்.
வெள்ளை கவுனில் ஒரு சுற்றுச் சுற்றி நின்று
எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.
தொண்டை அடைத்துக்கொண்டது எனக்கு.
அத்தனை அழகு.
"பரவாயில்லை" என்றேன்.

அறையில் ஏசி மட்டும் ஓடியது.
டார்லாவின் உதடு கோணியது.
மூலையில் உட்கார்ந்து, டம்ளரில் இருந்து
ஐஸ் கட்டிகளை ஒவ்வொன்றாகப்
பூந்தொட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்த ஸ்ட்ரூவன்
எழுந்து நின்றான்.
அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டவன்போல்
காது வரை சிவந்தான்.
"அற்புதம்" என்றான்.
யாரும் எதுவும் சொல்லாததால் இன்னொரு தரமும்.
"உன் அக்கா சொன்னதும் அதைத்தான்."

அன்றிரவு
இரண்டு போர்வைக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கேட்டான்,
மொழிபெயர்ப்பு எப்படி என்று.
"சுமார்" என்றேன்.
திரும்பிப் படுத்துக்கொண்டான்.
கட்டில் குலுங்கியது,
அவன் சிரித்து முடிக்கும் வரை.