வேறு யாராவது?

கடந்த ஆறு மாதத்தில்
முக்கியமான விஷயங்களை
யாரோடு பேசினீர்கள்?
ஐந்து பெயர்வரை சொல்லலாம்.
பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை கேட்கலாம்:
வேறு யாராவது?
அதற்கு மேல் கேட்டால் பதில் திரிந்துவிடும் என்று
பயிற்சி நாளில் முனைவர் இனோஸ்த்ரோசா
இரண்டு முறை சொன்னார்.

சிலோயேயைச் சுற்றிச் சிறு தீவுகள் நிறைய.
இது அவற்றில் ஒன்று.
எதுவென்று கேட்காதீர்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
மணிக்கணக்கில் கூலி, படகுக் கட்டணம் தனி.
நனையாத உறைக்குள் படிவங்கள்,
தோள்பையில் ரத்த அழுத்தக் கருவி,
எச்சில் பிடிக்க நாற்பது குப்பிகள்.
விறகடுப்புக்கு மேலே காலுறைகள் காயும் அடுக்களைகளில் உட்கார்ந்து
ஊராரின் ஊராரைச் சேகரித்தேன்.
ஒவ்வொரு வீட்டிலும் உருளைக்கிழங்கு ரொட்டி.
மறுப்பதைப் பற்றிப் பயிற்சியில் ஒன்றும் சொல்லவில்லை.

இரவில் பெயர்கள் எண்களாகும்.
பெயரும் எண்ணும் சேர்ந்திருக்கும் ஒரே தாள்
பூட்டிய பெட்டிக்குள் போகும்.
என் தலைக்குப் பூட்டு தரவில்லை.

நூற்று நாற்பத்தேழை முதலில் சொன்னவர் ஒரு தச்சர்.
தச்சர் இல்லை, தொழிலை மாற்றியிருக்கிறேன்.
"நடுராத்திரி பையனுக்கு இழுப்பு.
படகில் ஏற்றிப் பெரிய தீவு ஆஸ்பத்திரிவரை
அவள்தான் கொண்டுபோனாள்.
வழியெல்லாம் திட்டு."
அப்புறம் சால்மன் ஆலையில் இரவுப் பணி செய்யும் மூன்று பேர்,
ஒருத்தி சொன்னது மற்றவளுக்குத் தெரியாமல்.
அப்புறம் அவளோடு பேச்சுவார்த்தை இல்லாத
பக்கத்து வீட்டுக்காரர்,
குரலைத் தாழ்த்தி.
மொத்தம் பதினொன்று.

அவள் சிக்கியது கடைசி நாளில்தான்.
வலைகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து
சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டாள்.
ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று அளவு,
இடையில் பேசக் கூடாது.
நூற்று அறுபத்தெட்டு. நூற்று எழுபது. நூற்று அறுபத்தெட்டு.
கூரையில் மழை எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பேசியது.

யாரோடு பேசினீர்கள்?
"யாரோடும் இல்லை."
வேறு யாராவது?
"முதலில் ஒருவர் இருந்தால்தானே வேறு."

பதினொரு பேர் என் நாக்கின் நுனியில் நின்றார்கள்,
படகுத் துறையில் கதவு திறக்கக் காத்திருப்பவர்களைப் போல.
சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?
ஆய்வு கெட்டிருக்கும்.
அல்லது சிரித்துவிட்டு
"கடன் கேட்கிறவர்கள் கணக்கில் வருவார்களா" என்றிருப்பாள்.
தெரியாது. நான் சொல்லவில்லை.

வேறு யாராவது, என்று மறுபடி கேட்டேன்.
ஊசியை நிறுத்தினாள்.
கேள்வித்தாள் எனக்கு மனப்பாடம்,
இருந்தும் அதையே பார்த்துக்கொண்டு
மூன்றாம் முறையும் கேட்டேன்.

"இந்த இடம் காலியாக இருந்தால்
உனக்குச் சம்பளம் பிடிப்பார்களா?" என்றாள்.
"அப்படியென்றால் ஏதாவது ஒரு பெயர் எழுதிக்கொள், பெண்ணே.
யார் பார்க்கப்போகிறார்கள்."

சுழியம் எழுதினேன்.
ரத்த அழுத்தத்துக்கு மருந்தகம் போகச் சொல்லி
அச்சடித்த சீட்டைக் கொடுத்தேன்,
எல்லோருக்கும் கொடுக்கும் அதே சீட்டு.
கடைசிப் படகு போய்விட்டது என்றதும்
தன் படகை அவிழ்த்தாள்.
வழியெல்லாம் திட்டு:
இந்தச் செருப்போடா இங்கே வருவது,
உங்கள் பல்கலைக்கழகத்தில் மழையைப் பற்றி
யாரும் படிப்பதில்லையா.

வால்டிவியாவில், திரையில்,
பதினொரு அம்புகள் உள்ளே போகின்றன,
ஒன்றுகூட வெளியே வரவில்லை.
அழகான கணு, என்றார் முனைவர்.
பேட்டி எடுப்பவர்களுக்கு அந்தப் படத்தில் எண் கிடையாது.

களக்குறிப்பின் கடைசிப் பத்தியில் இப்படி நிரப்பினேன்:
நெறிமுறை மீறல், ஒன்று.
காரணம் என்ற கட்டத்தில்
மழை என்று எழுதி
அடித்துவிட்டேன்.