லாசிக்கு மூன்று வளைவு

பிப்ரவரிப் பனியில் பள்ளிப் படி வழுக்கி
வலக்கை மணிக்கட்டு முறிந்தது.
ஆறு வாரம் மாவுக்கட்டு.
ராச்சா மலைக்கு மாற்று ஆசிரியர் யார் வருவார்?
திங்கட்கிழமை இடக்கையில் சாக்பீஸ் பிடித்தேன்.

ஜார்ஜிய எழுத்தில் இனிக்கு ஒரு வளைவு.
ஓனிக்கு இரண்டு, எங்கள் ஊருக்கும் அதே பேர்.
லாசிக்கு மூன்று.
இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறேன்.
கை கேட்கவில்லை.
வளைந்து வளைந்து மேலேறிய கோடு
பலகையின் மூலைக்கே போய் நின்றது,
சந்தைக்குக் கிளம்பி வழி தவறிய மாடு போல.

முதல் வகுப்பில் பதினோரு பேர்.
விறகடுப்பு மட்டும் சத்தம் போட்டது.
பிறகு லிலே எழுந்தாள்.
அவள் பென்சிலை அழுத்துகிற அழுத்தில்
அடுத்த பக்கத்திலும் எழுத்து விரலுக்குத் தட்டும்.
போன வாரம்தான் அவள் நோட்டில்
சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: "எண்ணிப் பார்."

"டீச்சர், நாலு இருக்கு."

எண்ணினேன். நாலுதான்.

துடைக்கும் துணி கட்டுப்போட்ட கைப்பக்கம் கிடந்தது.
ரேஸி ஓடிவந்து அழித்தான்,
நன்றாக வந்திருந்த இனியையும் சேர்த்து.
"கட்டைவிரலை இறுக்காதீங்க," என்றது பின்வரிசை.
அது என் வாக்கியம்.
என் தொனியிலேயே வந்தது.

மறுபடி எழுதினேன். மூன்று.
மூன்றாவது கொஞ்சம் சப்பை.
லிலே தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
"பரவாயில்லை," என்றாள்,
"இன்னும் ஒரு வரி எழுதுங்க."

அன்று மாலை நோட்டுகளுக்கு முன்னால்
சிவப்புப் பேனாவை நான் திறக்கவில்லை.
ஒற்றைக் கையால்
மூடி கழற்ற வரவில்லை என்பதும் ஒரு காரணம்.