சேத விவரம்

பிளம் ஜாம், ஆறு பாட்டில்.
ஜன்னல் திரை ஒன்று.
கதவுக் கொக்கி.
"வேறு ஏதாவது, திருமதி எனிக்கோ?"
பேனாவை உதறுகிறார்
துஷ்நாத் நகராட்சி எழுத்தர் லோரன்ட்.

ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து
வீடு வந்தபோது மணி ஐந்து.
மூடுபனி. கதவு ஒருக்களித்திருந்தது.
அடுப்படியில் யாரோ
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ஹங்கேரியனில் அதட்டினேன்.
திரும்பவில்லை.
ருமேனியனில் கெஞ்சினேன்,
அரசாங்க மொழியாயிற்றே.
ஒரு காது மட்டும் அசைந்தது.
பிறகு குப்பைத்தொட்டி மூடியைச்
சுவரில் அடித்தேன்.
அது யாருக்கும் புரியும்.

கரடி அவசரப்படவில்லை.
கடைசிப் பாட்டிலை வழித்து நக்கிவிட்டு,
உபசரிப்பு போதாத சம்பந்தி மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொண்டு
என் கோட்டை உரசியபடி வெளியேறியது.
நனைந்த நாயின் வாடை,
அதில் கொஞ்சம் பிளம்.

"விலங்கை நீங்கள் சீண்டினீர்களா?"
ஒன்பதாவது கேள்வி.
இல்லை என்று எழுதச் சொன்னேன்.

கொக்கி மாற்றியாயிற்று.
சுவரையும் துடைத்தாயிற்று,
எனக்கு எட்டிய உயரம் வரை.

படிவத்தில் கட்டம் இல்லாததால்
சொல்லாமல் வந்தது ஒன்று:
இப்போதெல்லாம்
என் சமையலறைக்குள் போகுமுன்
கதவைத் தட்டுகிறேன்.